திருகோணமலைத் துறைமுகமும் குடிவரவின் பொருளாதார விளைவுகளும்

இலங்கைத் தீவின் கீழ்க்கரையிலே, கொட்டியார்க்குடாவை அணித்தாக அமைந்துள்ள திருகோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென யாவரும் ஒப்புக்கொள்வர். மகாவம்சம் இதனைக் கோகர்ணம் எனக் குறிக்கும். மலைகள் அரண்செய்ய, பருவக்காற்றின் சீற்றம் புகாத ஆழ்ந்த நீர்நிலையைக் கண்ட அயல்நாட்டார் ஒருவர்பின் ஒருவராக இதனைக் கைப்பற்ற முயன்றனர். போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டளவிற் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639இல் அக்கோட்டையைப் பிடித்தனர். 1782ஆம் ஆண்டில் மாத்திரம் இத்துறை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிராஞ்சியத் தளபதி சவ்றனுக்கும் கைமாறியது. ஈற்றில் 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

கொடிகள் மாறிய இவ்வரலாற்றைப் பாடநூல்கள் விரித்துரைக்கின்றன. ஆயின், அக்கொடிகளின் கீழே கடல்கடந்து வந்து கல் சுமந்தோர், நிலம் திருத்தினோர், கடை வைத்தோர், கப்பல் பழுதுபார்த்தோர் ஆகியோரின் வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. பிறநாட்டிலிருந்து வந்து குடியேறுவோரால் அவர்களை ஏற்கும் நாடு பொருளாதாரத்தில் அடையும் நன்மை யாது, தீமை யாது என்னும் வினா இன்று உலகெங்கும் விவாதிக்கப்படுவதொன்றாகும். அவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறும், அதனோடு பின்னிக்கிடக்கும் இலங்கைக் குடிவரவின் வரலாறும் போதிய சான்று தருகின்றன.

குடிவரவை எதிர்ப்போர் பொதுவாகக் கூறும் நியாயம் எளிதில் விளங்கக்கூடியது. ஒரு நாட்டிலுள்ள தொழில் ஒரு பானைச் சோறு போன்றது. புதிதாய் வந்தவன் ஓரகப்பை அள்ளினால் முன்னிருந்தவனுக்கு ஓரகப்பை குறையும் என்பர். இவ்வுவமை ஒரு பந்திக்குப் பொருந்தும். ஒரு நாட்டுக்கு முற்றும் பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது. வந்தவன் உண்பவன் மாத்திரமல்லன், உழுபவனும் அவனே. அவன் உழைப்பினாற் பானையும் பெரிதாகலாம். ஆயின் அது தானாகப் பெரிதாவதில்லை. எவ்வகை முதலீட்டோடு, எவ்வகைச் சட்டத்தின்கீழ், எவர் நலனுக்காக அவன் வரவழைக்கப்பட்டான் என்பதைப் பொறுத்தே பயனும் கேடும் அமையும். இவ்வுண்மையை வரலாற்றிலே படிப்படியாகக் காணலாம்.

கி. பி. பதினோராம் நூற்றாண்டிற் சோழராட்சி இலங்கையில் நிலவியபோது திருகோணமலைப் பிரதேசம் தமிழகத்து வணிகரும் படைவீரரும் அந்தணரும் வந்து தங்கிய இடமாயிற்று. பெரியகுளத்தை அடுத்துள்ள வெல்கம் விகாரை அக்காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என வழங்கப்பட்டது. அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் விளக்கெரிப்பதற்கும் பிறவற்றுக்கும் அளிக்கப்பட்ட கொடைகளைக் கூறுகின்றன. கந்தளாய் விசயராச சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயமாக விளங்கியது. பழமோட்டைச் சாசனம் அங்கிருந்த சிவாலயத்துக்கு அளிக்கப்பட்ட தருமத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது. வடக்கே பதவியாப் பகுதியில் ஐந்நூற்றுவர் என்னும் வணிக கணத்தாரின் சாசனங்கள் கிடைத்துள்ளன.

இச்சாசனங்கள் பொருளாதார நோக்கிற் கூறும் செய்தி ஒன்றுண்டு. ஒருவர் ஓர் ஆலயத்துக்குப் பசுக்களைக் கொடுத்தால் அவற்றை மேய்ப்பவன் வேண்டும்; பொன்னைக் கொடுத்தால் அதனைப் பெற்று வட்டி செலுத்துவோன் வேண்டும்; நிலத்தைக் கொடுத்தால் குளமும் வாய்க்காலும் பேணப்படல் வேண்டும். எனவே வந்தோர் கொணர்ந்த செல்வம் அவ்விடத்து மாந்தரின் உழைப்போடு கலந்து, அவ்விடத்திலேயே தங்கியது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் குளக்கோட்டு மன்னன் ஆலயத் திருப்பணி செய்து, தானத்தார், வரிப்பற்றார் முதலியோரைச் சோழநாட்டிலிருந்து வரவழைத்துக் குடியேற்றினான் எனக் கூறுகின்றது. அந்நூற் செய்திகள் யாவும் வரலாறாகா, மரபு கலந்தவை. எனினும் குடியேற்றம் பற்றிய அக்கால மக்களின் எண்ணத்தை அம்மரபு நன்கு புலப்படுத்துகின்றது. வந்த குடிகளுக்குத் தொழில் வகுக்கப்பட்டது. தொழிலுக்கு நிலம் வகுக்கப்பட்டது. நிலத்துக்கு நீர் வகுக்கப்பட்டது. தொழிலும் நிலமும் நீரும் ஒருங்கே வகுக்கப்பட்ட இடத்தில் வந்தார், இருந்தார் என்னும் பேதம் சில தலைமுறைகளில் மறைந்தொழிதல் இயல்பேயாகும்.

ஐரோப்பியர் வந்தபின்னும் தமிழகக் கரையோடு கொண்ட வாணிகத் தொடர்பு அற்றுவிடவில்லை. 1659ஆம் ஆண்டிற் புயலால் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியார்க்குடாவுக்கு வந்தது. அதிலிருந்த உறொபேட்டு நொக்சு என்னும் இளைஞர் கண்டி மன்னனாற் சிறைப்பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு இந்நாட்டிலிருந்து, பின் 1681இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதினார். அக்கப்பலிற் பரங்கிப்பேட்டை வணிகர் சிலரும் வந்திறங்கினர் என்பதை அவர் குறித்துள்ளார். பாய்மரம் செப்பனிடப்படும் காலத்திற் புடைவை வாணிகம் செய்தல் அக்கப்பலோரின் நோக்கமாயிருந்தது. கொட்டியார் அந்நாளில் வெறுங்கரையாயிருக்கவில்லை. சோழமண்டலக் கரையின் துணிவணிகர் அறிந்து நாடிய சந்தையாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் கோட்டையாட்சி வேறொரு வகைக் குடிவரவைத் தோற்றுவித்தது. ஒல்லாந்தர் சாவகம் முதலிய கீழைத் தீவுகளிலிருந்து மலாய்ப் படைவீரரைக் கொணர்ந்தனர். போர்த்துக்கேயர் காலந்தொட்டு ஆபிரிக்கரும் கொண்டுவரப்பட்டனர். காப்பிரியர் எனப்படும் அவர்தம் வழித்தோன்றல்கள் புத்தளத்திலும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இன்றும் உளர். ஆங்கிலேயர் மலாய்வீரரைத் தம் இலங்கைத் துவக்குப்படையிற் சேர்த்தனர். அப்படை 1873இற் கலைக்கப்பட்டது. இவர்கள் தாமே விரும்பி வந்த வணிகரல்லர். நிலம் பெற்ற உழவருமல்லர். சம்பளத்தில் வாழ்ந்து கோட்டையைக் காத்தனர். அவர்களுக்கு வேண்டிய அரிசியும் துணியும் பிறவும் கடல்வழியே வந்தன. ஆதலின் கோட்டை வளர்ந்ததேயன்றிச் சூழவிருந்த நாடு வளரவில்லை.

இக்குறையை ஒல்லாந்தரே உணர்ந்தனர். 1786ஆம் ஆண்டிலே திருகோணமலையில் அதிகாரியாயிருந்த வன் செண்டன் என்பவர் கொட்டியார்ப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளம்பற்று ஆகியவற்றைச் சுற்றிப் பார்வையிட்டு நாட்குறிப்பு எழுதினார். வேளாண்மையைப் பெருக்குதல் அவர் பயணத்தின் நோக்கமாயிருந்தது. அழிந்த குளங்களையும் அருகிய குடிகளையும் கண்ட எந்த நிருவாகிக்கும் ஓருண்மை புலப்படாமற் போகாது: துறைமுகம் எத்துணை ஆழமாயினும், அதன் பின்னே உழைக்கும் மக்கள் இல்லாவிடில் அது கப்பல் தங்குமிடமாகலாம், வாணிகம் தழைக்கும் நகரமாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இவ்வுண்மையை இன்னும் தெளிவாக நிறுவியது. கொழும்பிலே இயற்கைத் துறைமுகம் இல்லை. அங்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கப்பல்கள் அலைக்கழிந்தன. அலைதடுப்புச் சுவரின் வேலை 1875இல் தொடங்கி, முதற்சுவர் 1885இல் முற்றுப்பெற்றது. பெரும்பொருள் செலவிட்டுச் செயற்கைத் துறைமுகம் அமைக்கப்பட்டதற்குக் காரணம் யாது? இயற்கை இலவசமாய் அளித்த திருகோணமலை இருக்க, கொழும்பை ஏன் நாடினர்? மலைநாட்டுத் தோட்டங்களின் விளைபொருள் கொழும்பை நோக்கி வந்தமையே பெருங்காரணமாம். 1867இற் கண்டிக்கு இருப்புப்பாதை இடப்பட்டது. முதலிற் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலையும் அவ்வழியே இறங்கின. அத்தோட்டங்களைக் காடுவெட்டி அமைத்தோர் தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தொழிலாளர் ஆவர். எனவே கொழும்புத் துறைமுகத்தின் ஏற்றத்திலும் திருகோணமலையின் தேக்கத்திலும் ஒரே காரணம் இருபுறமும் தோன்றுகின்றது. குடிவந்தோர் உழைத்த நிலம் எந்தத் துறையின் பின்னே இருந்ததோ, அந்தத் துறை செழித்தது.

குடிவரவின் பொருளாதாரப் பயனுக்கு இதனினும் பெரிய சான்று இலங்கை வரலாற்றில் இல்லை. வளர்ந்து உழைக்கும் பருவத்திலுள்ள ஆடவரும் பெண்டிரும் இந்நாட்டுக்கு வந்தனர். அவர்களைப் பெற்று வளர்த்த செலவு தமிழகத்துக் கிராமங்களைச் சார்ந்தது. அவர்தம் உழைப்பின் பயன் இலங்கைக்கும் தோட்டமுதலாளிகளுக்கும் வந்தது. ஏற்றுமதித் தீர்வையாலும் இறக்குமதித் தீர்வையாலும் அரசிறை பெருகியது. அவ்விறையிலிருந்து வீதிகளும் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் அமைந்தன. தோட்டங்களை அடுத்துக் கடைகள், வண்டித்தொழில், எழுதுவினைஞர் பதவிகள் முதலியன தோன்றின. இவற்றிற் பெரும்பாலானவை இந்நாட்டவர்க்கே கிடைத்தன. 1930ஐ அடுத்துவந்த பெருமந்தத்தின்போது தேயிலை, இறப்பர் விலைகள் வீழ்ந்தன. அப்போது புறப்பட்டுச் சென்ற தொழிலாளரின் தொகை வந்தோரின் தொகையை மிஞ்சியது. வேலையின்மை என்னும் சுமையின் ஒரு பங்கையும் அவர்களே தமிழகத்துக்குச் சுமந்து சென்றனர்.

மறுபுறத்தையும் மறைத்தலாகாது. தொழிலாளர்க்கு வேண்டிய அரிசி பருமாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இறக்குமதியாயிற்று. உள்நாட்டு நெல்வேளாண்மையை ஊக்குவிக்கும் அவசியம் ஆட்சியாளர்க்கு நெடுங்காலம் தோன்றவில்லை. தோட்டக்கூலி தாழ்ந்திருந்தமையால், அக்கூலிக்கு வேலைசெய்ய உள்நாட்டவர் பெரும்பாலும் முன்வரவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கொடுத்த கடனே உள்நாட்டு வணிகர் பலருக்கு முதலாயிற்று. ஏனெனில் ஆங்கிலேய வங்கிகள் அவர்களை எளிதில் அணுகவிடவில்லை. ஆயின் மந்தகாலத்திற் கடனிறுக்க இயலாதோரின் நிலமும் வீடும் செட்டிமார் கைக்கு மாறியபோது மனக்கசப்பு வளர்ந்தது. இந்நிலையை ஆராய 1934இல் வங்கி ஆணைக்குழு அமைந்தது. அதன் பயனாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. வெளியார் நிரப்பிய ஓரிடத்தை உள்நாட்டு நிறுவனம் ஒன்று நிரப்புவதே குறைதீர்க்கும் நேர்வழி என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இனித் துறைமுக நகருக்கு மீள்வோம். திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை 1881ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் ஏறத்தாழ 22,000 ஆகும். நாற்பதாண்டு கழிந்து 1921இல் அது 34,000 அளவினதாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கடற்படை தன் வலியை ஐரோப்பாவை அடுத்த கடல்களிற் குவித்தமையால், இங்கிருந்த தளமும் சுருக்கப்பட்டது. முதலாம் உலகப் போரின் பின்னரே நிலைமை மாறியது. கப்பல்கள் நிலக்கரியை விடுத்து எண்ணெயை எரிக்கத் தொடங்கின. கீழைக்கடலிலே எண்ணெய்ச் சேமிப்பு நிலையம் வேண்டப்பட்டது. சீனன்குடாவை அடுத்த காட்டில், ஒவ்வொன்றும் பதினாயிரம் தொன் அளவு கொள்ளத்தக்க எண்ணெய்க் குதங்கள் ஏறத்தாழ நூறு எழுந்தன. 1927இல் இருப்புப்பாதையும் திருகோணமலையை எட்டியது.

இவ்வேலைகளுக்கு மாவட்டத்தின் சிறுதொகை மக்கள் போதவில்லை. தமிழகத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். தீவின் தென்பாகத்திலிருந்து சிங்களத் தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞரும் கைவினைஞரும் வந்தனர். கப்பற்றளத்திற் கொல்லர், தச்சர், கொதிகலன் வேலைசெய்வோர், சுமைதூக்குவோர் எனப் பலதிறத்தார் ஒருங்கு கூடினர். அவர்களுக்கு உணவு வேண்டும், உறையுள் வேண்டும். தம்பலகாமத்து நெல்லும், கிண்ணியா, மூதூர் மீனும், கட்டுக்குளம்பற்றுத் தயிரும் காய்கறியும் நகரச் சந்தையில் விலைபோயின. காசு புழங்காத கிராமங்களிலே காசு புழங்கியது. வந்தோர் பெற்ற கூலியில் ஒரு பகுதி அவர்தம் ஊர்களுக்குச் சென்றது மெய்யே. எஞ்சிய பகுதி இம்மாவட்டத்தின் உழவரையும் மீனவரையும் கடைக்காரரையும் சேர்ந்தது.

இக்காலத்திலேயே தென்னிலங்கையிற் குடிவரவுக்கு எதிரான கிளர்ச்சி மூண்டது. 1931இல் தொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை அளித்தது. வேலையின்மை பெருகியிருந்தது. கொழும்பு நகரில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா மலையாளிகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். ஒருகாலத்தில் எல்லாத் தொழிலாளரையும் ஒன்றுதிரட்டிய தலைவரே, வேலைத்தட்டு நேர்ந்தபோது தொழிலாளரைப் பிரித்துப் பேசலானார் என்பது கருதத்தக்கது. வறுமையுற்றவன் தன் வறுமைக்குக் காரணத்தைத் தேடும்போது, தொலைவிலுள்ள சந்தைவிலை அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பக்கத்து வரிசையில் நிற்கும் அயலான் புலப்படுகின்றான்.

கிளர்ச்சியின் பயனாகக் குடிவரவை ஆராயும் பொறுப்பு சேர் எட்வேட்டு சக்சன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரது அறிக்கை 1938இல் வெளிவந்தது. குடிவந்தோரால் நிலையான குடிகளுக்குப் பொருளாதாரக் கேடு விளைந்தது என்பதற்குச் சான்றில்லை என்பதே அதன் சாரமான முடிவு. தோட்டங்களின் வளர்ச்சிக்கு இந்தியத் தொழிலாளர் இன்றியமையாதோர் என்றும் அது கண்டது. வந்தவரும் இருந்தவரும் பெரும்பாலும் வெவ்வேறு தொழில்களிலே ஈடுபட்டனர். ஒருவன் சுமந்தால் மற்றொருவன் கணக்கெழுதினான். ஒருவன் கொழுந்து பறித்தால் மற்றொருவன் வண்டியோட்டினான். இருவர் உழைப்பும் ஒன்றையொன்று தள்ளுவதாயன்றித் தாங்குவதாய் இருந்தது.

அறிக்கை அரசியலை வெல்லவில்லை. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை நீக்குவதெனத் தீர்மானிக்கப்பட்டது. சவகர்லால் நேரு அவ்வாண்டு யூலை மாதத்தில் இலங்கைக்கு வந்து சமரசம் பேசினார், அது பயன்படவில்லை. அம்மாதத்திலேயே இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. ஆகத்து முதலாந் திகதி தொடக்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. நூறாண்டுக்கு மேலாக ஓடிய ஆறு ஒரே நாளில் மறிக்கப்பட்டது.

உடனே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942இற் சிங்கப்பூர் வீழ்ந்தபின், திருகோணமலை கீழைக் கடற்படையின் முதன்மையான தளங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. ஓர் எண்ணெய்க் குதம் எரிந்தது. நகரத்தவர் பலரும் தொழிலாளர் பலரும் உள்நாட்டுக்கு ஓடினர். ஆழமான நீரும் பலமான பீரங்கியும் இருந்தும், சுமக்கும் கைகள் அகன்றால் துறைமுகம் செயலற்றுவிடும் என்பதை ஆட்சியாளர் அன்று நேரிற் கண்டனர். பின்னர்த் தொழிலாளர் மீண்டனர், புதியோரும் வந்தனர். 1946ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 76,000 ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் அது இருமடங்கினும் மிகுந்தது.

இவ்வளர்ச்சியில் ஒரு வலுவின்மை மறைந்திருந்தது. கூலி கொடுத்தவர் பிரித்தானியக் கடற்படையினர். அவர்கள் வாணிகத்துக்காக வந்தவரல்லர்; பேரரசின் காவலுக்காக வந்தவர். நகரத்தின் வாழ்வு ஏற்றுமதிப் பொருளிலோ ஆலைத்தொழிலிலோ தங்கவில்லை. அயல்நாட்டுப் பாதுகாப்புச் செலவிலேயே தங்கியது. பேரரசு குறுகியபோது செலவும் குறுகியது. பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி 1957ஆம் ஆண்டு ஒத்தோபர் 15ஆம் நாள் திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் இறைமைக்கு அது பெருமைதரும் நாளேயாகும். ஆயினும் கப்பற்றளத்து வேலையை நம்பிய குடும்பங்களுக்கு அது கவலையையும் கொணர்ந்தது. கப்பல்கள் அகலவே வேலைகள் குறைந்தன. வேலைகள் குறையவே கடைகளின் விற்பனையும் குறைந்தது. அயலார் அகன்றால் உள்ளூரார்க்கு வேலை பெருகும் என்னும் வாதம் இங்குப் பலிக்கவில்லை. அயலாரை அழைத்த முதலே அகன்றுவிட்டமையால், உள்ளூரார் வேலையும் உடன் அகன்றது.

நாடு முழுவதற்கும் பொருந்திய பிறிதொரு விளைவும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டு இந்திய பாகித்தானிய வதிவாளர் சட்டமும் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கின. 1964இல் ஏற்பட்ட சிறிமா-சாத்திரி ஒப்பந்தம் 975,000 மக்களின் எதிர்காலத்தைப் பற்றியது: 525,000 பேர் இந்தியாவுக்கும், 300,000 பேர் இலங்கைக்கும் என வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்த் தீர்ப்பதற்கு விடுத்தது. அவ்வெஞ்சியோரும் 1974இல் இரு நாட்டுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். நாட்டின் அந்நியச் செலாவணியிற் பெரும்பங்கை ஈட்டிக் கொடுத்தோரே நாட்டில் நிலம் வாங்கவும் அரசபணி பெறவும் வாக்களிக்கவும் தடையுற்றனர். உரிமையற்றவன் கூலியைப் பேரம்பேச இயலாதவன். தோட்டத்தைவிட்டு வேறு தொழிலுக்குச் செல்லவும் இயலாதவன். ஒருவன் கூலி தாழ்ந்தால் அவனருகே உழைக்கும் பிறன் கூலியும் உயர்வதில்லை. எனவே குடிவந்தோரின் உரிமையைப் பறித்தல் குடிகளின் கூலியைக் காக்கும் என்பது பொருந்தாது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் இக்குறையைப் பெரிதும் நீக்கின. ஆயினும் இடைப்பட்ட ஐம்பதாண்டுகளின் இழப்பு எவராலும் ஈடுசெய்யப்பட்டிலது. 1970களிற் பஞ்சத்தாலும் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தாலும் தோட்டங்களை விட்டு அகன்ற குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பகுதிகளில் வந்து தங்கிக் காடுதிருத்தின. வயல்வேலைக்கு அவர்தம் உழைப்பை ஏற்ற சமூகம், நிலவுறுதி முதலியவற்றில் அவர்களைச் சமமாக ஏற்றதா என்பது சிந்திக்கத்தக்கது.

ஈழத்துத் தமிழர் இவ்வினாவை மற்றொரு திசையிலிருந்தும் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் வைத்தியப் பகுதியிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் பணிபுரிந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் யாழ்ப்பாணத்திற் கல்வீடுகளும் ஆலயத் திருப்பணிகளும் கல்லூரிக் கட்டடங்களும் எழுந்தன. மலாயா அவர்களாற் கெட்டதென எவரும் இங்குக் கூறியதில்லை. அதன் இருப்புப்பாதைகளை இயக்க உதவினர் என்றே பெருமைகொள்வர். நம்மவர் சென்றால் முயற்சி என்றும், பிறர் வந்தால் ஆக்கிரமிப்பு என்றும் கூறுதல் நடுவுநிலைமை ஆகாது. இன்றும் இலங்கையிலிருந்து பல்லாயிரவர் மேற்காசிய நாடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் தொழில்தேடிச் செல்கின்றனர். 2024ஆம் ஆண்டில் அவர்கள் அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது. அந்நாடுகளிலே அவர்கள் பெறவேண்டுமென நாம் விரும்பும் நீதியே இந்நாட்டுக்கு வந்தோர்க்கும் உரிய நீதியாகும்.

பிறநாட்டு வரலாறும் இம்முடிவுக்கே துணைசெய்கின்றது. 1685இற் பிரான்சு மன்னன் பதினான்காம் லூயி புரட்டெசுதாந்தரின் உரிமையைப் பறித்தபோது, இயூகனோத்தர் எனப்பட்ட அம்மக்கள் இங்கிலாந்து முதலிய நாடுகளுக்கு ஓடினர். இலண்டனிலே பட்டுநெசவு அவர்களாற் செழித்தது. பிரான்சு கைவினைஞரை இழந்தது. அண்மைக்காலத்தில் 1980ஆம் ஆண்டு கியூபாவிலிருந்து ஏறத்தாழ 125,000 மக்கள் சில மாதங்களில் அமெரிக்காவை அடைந்தனர். அவருட் பலர் தங்கிய மயாமி நகரத்தின் தொழிலாளர் தொகை ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வீதத்தாற் பெருகியது. தேவிது காட்டு என்னும் பொருளியலறிஞர் இதனை ஆராய்ந்து, அந்நகரத்து முந்தைய தொழிலாளரின் கூலியும் வேலையும் குறிப்பிடத்தக்க அளவிற் பாதிக்கப்படவில்லை என 1990இல் எழுதினார். சோர்ச்சு போர்காசு என்பவர் பிற்காலத்தில் இதனை மறுத்து, பள்ளிப்படிப்பை முடிக்காத தொழிலாளரின் கூலி வீழ்ந்தது என்றார். அறிஞரிடையே இவ்விவாதம் ஓயவில்லை. எனினும் இரு திறத்தாரின் கூற்றிலிருந்தும் ஓருண்மை பெறப்படும். நாடு முழுவதற்கும் வரும் நன்மை பலரிடம் பரந்து கிடக்கும். கேடு ஏற்படின் அது மெலிந்த சிலர்மேற் குவியும். ஆதலின் நன்மையைப் பெறும் அரசு அச்சிலரைத் தாங்கும் கடமையும் உடையது.

திருகோணமலையின் பிற்கால வரலாறு துன்பம் நிறைந்தது. 1983ஆம் ஆண்டின் பின் மாவட்டத்தின் எல்லாச் சமூகத்தவரும் இடம்பெயர்வை அனுபவித்தனர். கடல்கடந்து தமிழகத்து முகாம்களை அடைந்தோரும் பலர். மக்களை வரவழைத்த துறைமுகம் மக்களை வெளியனுப்பும் துறைமுகமாயிற்று. எண்ணெய்க் குதங்களிற் பெரும்பகுதி காட்டினுள்ளே நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. 2022ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 99 குதங்களுள் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இலங்கையில் இயங்கும் இந்திய எண்ணெய்க் கம்பனிக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் வகுக்கப்பட்டன. முதல் மீண்டும் வரத் தொடங்கின், தொழிலாளரும் வருவர். பழைய வினாவும் உடன் வரும்.

அவ்வினாவுக்கு இத்துறைமுகம் தந்துள்ள விடைகள் மூன்றாகும். குளமும் நிலமும் தொழிலும் வகுத்து ஏற்ற காலத்தில், வந்தோர் நாட்டின் செல்வமாயினர். கோட்டைக்கும் கப்பலுக்குமாக மட்டும் அழைத்த காலத்தில், அவர்களின் உழைப்பு அழைத்தவனோடு வந்து அழைத்தவனோடு அகன்றது. உழைப்பை ஏற்று உரிமையை மறுத்த காலத்தில், மறுத்தோரும் வளம்பெறவில்லை. கப்பல்களைத் தாங்கும் ஆழத்தை இயற்கை திருகோணமலைக்குத் தந்துள்ளது. வந்த மக்களைத் தாங்கும் ஆழத்தைச் சட்டமும் சமூகமுமே தேடிக்கொள்ளல் வேண்டும்.